ஜனவரிக் கடைசியில் கீழக்கரைப் பக்கம் மூன்று நாள்: அம்மாவோடும் பிள்ளைகளோடும் எங்கே போகலாம்?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஜனவரி 24 சனிக்கிழமை மதியம் ராமநாதபுரம் வந்து தங்கி, 26 மாலை கிளம்புவதாகத் திட்டம். நான், மனைவி, அம்மா, பிள்ளைகள் இருவர். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. சொந்தக் காரில் வருகிறோம்.

ராமேஸ்வரம் ஏற்கெனவே இரண்டு முறை போயிருக்கிறோம். இரண்டு முறையும் இருபத்திரண்டு தீர்த்தம், சாமி கும்பிடுதல், தனுஷ்கோடி, அன்று ராத்திரியே திரும்புதல். ராமநாதபுரத்தைத் தாண்டும்போது கீழக்கரைக்கு இந்தப் பக்கம், தேவிபட்டினத்துக்கு அந்தப் பக்கம் என்று பலகைகளைப் பார்த்ததோடு சரி. இந்த முறை அந்தப் பலகைகள் காட்டும் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி வந்தால் கை பிடிக்க வேண்டும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அப்பா இருந்தபோது இருவரும் சேர்ந்து போவதாகப் பேசி வைத்திருந்தார்கள். அது நடக்கவில்லை. அதனால் இதை எப்படியாவது செய்து கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஓட இடம் வேண்டும், முடிந்தால் ஒரு பூங்கா. எனக்குப் பழைய துறைமுக ஊர்களைப் பார்க்கப் பிடிக்கும். கீழக்கரையில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது? அங்கே பூங்கா உண்டா? பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா? பள்ளிவாசலை வெளியூர்க்காரர்கள் பார்க்க விடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேதுவேன் எழுதியது:

வணக்கம் சார். ராமநாதபுரத்தில் வேன் ஓட்டுகிறேன். மூன்று நாளில் நிறைய பார்க்கலாம், ஆனால் பெரியவர்கள் கூட இருக்கும்போது ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். வண்டியில் ஏறி இறங்குவதிலேயே முழங்கால் பாதி போய்விடும்.

26ஆம் தேதி விடுமுறை. அன்று பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். ரோட்டுப் பாலத்தின் மேல் நிறுத்திப் புகைப்படம் எடுப்பவர்களால்தான் அந்த நெரிசல். நீங்கள் தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், பக்கத்திலேயே 1914இல் கட்டிய பழைய பாலம் இரண்டையும் பாம்பனில் கீழே இறங்கிக் கரையிலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் ரயில் வரும்வரை காத்திருப்பார்கள்.

அரியமான் கடற்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சவுக்குத் தோப்பு, சறுக்கு, ஊஞ்சல் எல்லாம் உண்டு. அதை மட்டும் பகலில் வைக்காமல் மூன்றரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை டீச்சர் எழுதியது:

தம்பி, நான் கீழக்கரைக்காரி. இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்து நான்கு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ராமநாதபுரத்திலிருந்து தெற்கே 17 கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். ஆனால் வருகிற வண்டியெல்லாம் கிழக்கே திரும்பி ராமேஸ்வரத்துக்குத்தான் போகிறது.

முதலில் கடலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகளை இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். கீழக்கரை, சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் தெற்குப் பக்கம், மன்னார் வளைகுடா. தேவிபட்டினம், அரியமான், தொண்டி எல்லாம் வடக்குப் பக்கம், பாக் விரிகுடா. மீனவர்கள் தெற்கை ஆண்கடல் என்பார்கள், வடக்கைப் பெண்கடல் என்பார்கள். ஒன்று கொந்தளித்தால் மற்றது அடங்கி இருக்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அப்போது எங்கள் தெற்குக் கடலில் கால் வைக்க முடியாது, வடக்கே குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை. அப்போது அப்படியே மாறிவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு ஜூலை மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை இரண்டு வேனில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்கு இந்தப் பக்கம் தெற்குக் கரைக்குப் போனேன். படகில் ஏற்றிக் கடல்புல்லும் பவளமும் காட்டுவதாக ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தேன். போய் இறங்கினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. படகு எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள் சொன்னது சரிதான். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் சோற்றில் மணல். ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். வேன் ஓட்டிய அண்ணன்தான் "ரோட்டைத் தாண்டி வடக்கே போவோம் டீச்சர்" என்றார். அந்த இடத்தில் நிலம் ஒடுங்கலானது, கொஞ்ச நேரத்தில் அரியமான் வந்துவிட்டது. அங்கே அலையே இல்லை. பிள்ளைகள் சாயங்காலம் வரைக்கும் தண்ணீரை விட்டு ஏறவில்லை. என் வாப்பா சங்கு வியாபாரத்தில் இருந்தவர். காற்று பார்க்காமல் யாரும் சங்கு குளிக்கப் போக மாட்டார்கள் என்று சின்ன வயதில் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

ஆகவே ஜனவரிக் கடைசியில் வருகிற நீங்கள், பிள்ளைகளைத் தெற்குக் கடலில் இறக்குங்கள். சேதுக்கரை நல்லது. கரையோரம் ஆழமில்லாமல் இருக்கும், முழங்கால் அளவில் நிற்க வைத்தால் போதும். அரியமானுக்குப் போனால் தோப்பில் விளையாட விடுங்கள், தண்ணீர் வேண்டாம், வாடை இன்னும் ஓய்ந்திருக்காது. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் எந்த மாதமும் யாரும் இறங்கக் கூடாது. இரண்டு கடலும் முட்டுகிற இடம் அது, காலடி மணலை உருவிக்கொண்டு போகும்.

சரி, ஊருக்கு வருகிறேன். சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடைகளும் தெருவும் அடங்கியிருக்கும். சனிக்கிழமை அந்தச் சிக்கல் இல்லை. காரை அகலமான சாலையிலேயே விட்டுவிடுங்கள். உள்தெருக்கள் ஒடுக்கம், எதிரே ஒரு ஆட்டோ வந்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

நடுத்தெரு ஜும்மா பள்ளியை முதலில் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வள்ளல் சீதக்காதி கட்டியது. அவர் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், டச்சுக்காரர்களோடு வியாபாரப் போட்டியும் ஒப்பந்தமும் நடத்தியவர், உமறுப் புலவரை ஆதரித்தவர். பள்ளி முழுக்கக் கருங்கல் தூண்கள். தூணின் அடியும் உச்சியில் இருக்கும் போதிகையும் பூவேலைப்பாடும் பார்த்தால் ஒரு கோயில் மண்டபத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். உருவம் மட்டும் எங்கும் இருக்காது, பூவும் கொடியும் கட்டங்களும்தான். கோயில் கட்டிய அதே கைகள்தான் இதையும் செதுக்கியிருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளிடம் சொல்வேன். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற பழமொழி உங்கள் மகளுக்குத் தெரிந்திருந்தால், அவரின் அடக்கத்தலம் அந்தப் பக்கமே இருக்கிறது, அங்கே நிறுத்தி அந்தக் கதையைச் சொல்லுங்கள். வள்ளல் இறந்த பிறகு வந்த புலவர் சமாதியில் நின்று பாட, மோதிரம் போட்ட கை வெளியே வந்ததாக ஊரில் சொல்வார்கள். என் மாணவிகளில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

வெளியூர்க்காரர்கள் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டு, அங்கே இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். கால் மூடிய உடை, தலைக்கு ஒரு துணி. பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அம்மாவும் உங்கள் வீட்டம்மாவும் சங்கடப்பட வேண்டியிராது. இதைவிடப் பழையது என்று சொல்கிற பழைய ஜும்மா பள்ளியும் ஊரில் உண்டு. அதன் தொடக்கத்தை நபிகள் நாயகம் வாழ்ந்த காலத்தோடு சேர்த்துச் சொல்வது எங்கள் ஊர் வழக்கு. யேமன் நாட்டு வணிகர்கள் வந்து இறங்கிய கதையும் அதோடு சேர்ந்தே வரும்.

அதன் பிறகு கடற்கரைக்கு இறங்குங்கள். ஜெட்டிப் பாலத்தில் அம்மா மெதுவாக நடக்கலாம், படி ஏற வேண்டாம். ஐந்து மணிக்கு மேல் நாட்டுப்படகுகள் கரையில் ஆடிக்கொண்டிருக்கும், பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த மாதத்தில் சூரியன் தென்மேற்கே சரிந்து இறங்குவதால் தண்ணீர் மேல் அந்த வெளிச்சம் நீளமாக விழும். பிள்ளைகள் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

இப்போது பூங்காவுக்கு வருகிறேன். உங்கள் ஊர் மாதிரிப் பெரிய பூங்காவை இங்கே எதிர்பார்த்து வராதீர்கள். ஆனால் ஜெட்டியில் நின்று தெற்கே பார்க்கிறீர்களே, அது பூங்காதான். பேச்சுக்குச் சொல்லவில்லை. 1986இல் அரசு அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அது, 560 சதுர கிலோமீட்டர். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றில் ஏழு எங்கள் கீழக்கரைக் கூட்டம். அப்பா தீவு, தலையாரி, முள்ளி, ஆனைப்பார் என்று பெயர்களைச் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பூவரசன்பட்டி என்று ஒரு தீவு இருந்தது, இப்போது தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். பாறைதான் அலையைத் தடுத்து நின்றது. பாறை போனதும் மணல் போனது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிடும். நம் காலத்திலேயே, வரைபடத்தில் இருந்த ஒரு தீவை நாமே இல்லாமல் ஆக்கியிருக்கிறோம்.

அந்தத் தீவுகளுக்குத் தனியாகப் படகு பேசிக்கொண்டு போக அனுமதி கிடையாது. யாராவது கூட்டிப்போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது, காற்று இல்லாத நாளில் போகலாம். கரையில் பவளத் துண்டு விற்றால் வாங்காதீர்கள், 2001 முதல் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கினால் பார்த்து ரசித்துவிட்டு அங்கேயே போடச் சொல்லுங்கள். உள்ளே சந்நியாசி நண்டு குடியிருக்கும்.

போகும்போது தொதல் வாங்காமல் போய்விடாதீர்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால், வெல்லம் மூன்றையும் அடுப்பில் மணிக்கணக்காகக் கிண்டி எடுப்பது. எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை கை நிற்கக் கூடாது. எங்கள் உம்மா கிண்டும்போது மாற்றி மாற்றிப் பிடிக்க மூன்று பேர் நிற்போம். கறுப்பாகப் பளபளவென்று இருப்பதை வாங்குங்கள், வெளுத்திருந்தால் பால் குறைவு.

நாரைக்கண் எழுதியது:

டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஜனவரி என்றால் பறவைகளை விட்டுவிடக் கூடாது. சக்கரக்கோட்டைக் கண்மாய் ராமநாதபுரத்தை ஒட்டியே இருக்கிறது, தனிப் பயணமாக வைக்க வேண்டியதில்லை. நீங்கள் தங்கும் இடத்திலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் திரும்பி இட்லி சாப்பிடலாம். 2025இல் இதையும் தேர்த்தங்கலையும் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலையாக அறிவித்தார்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லேயே அந்தப் பட்டியலில் வந்துவிட்டன. ஒரே மாவட்டத்தில் நான்கு. வறண்ட பூமி என்று பெயர் வாங்கிய ஊரின் கண்மாய்கள் இவை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

மழை நன்றாகப் பெய்திருந்தால் கருவேல மரங்களின் மேல் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு வைத்திருக்கும். அரிவாள் மூக்கனும் இருக்கும். கண்மாயில் தண்ணீர் இல்லையென்றால் பறவையும் இல்லை. ஆகையால் முந்தின நாள் அங்கே யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். ஐந்து வயதுப் பையன் கத்தாமல் இருக்க ஒரு வழி, பைனாக்குலரை அவன் கழுத்தில் மாட்டிவிடுங்கள். என் மகனிடம் அது பலித்தது.

தனுஷ்கோடிப் பக்கம் போக நேர்ந்தால் கோதண்டராமர் கோயில் போகும் வழியில் சாலையின் இரண்டு பக்கத் தேக்கத்தையும் பாருங்கள். ஜனவரியில் பூநாரைகள் வரும். அந்தப் பகுதியை 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். வண்டியை விட்டு இறங்கி அவற்றை நோக்கி நடக்க வேண்டாம். ஒன்று எழும்பினால் கூட்டமே எழும்பிவிடும், சாப்பிட வந்த பறவைக்கு அது வீண் அலைச்சல்.

நொய்யல்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மூவருக்கும் நன்றி. டீச்சர், அம்மாவிடம் உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். சங்கு குளிப்பது என்றால் என்ன என்று கேட்டார்.

இரண்டு சந்தேகம். தேவிபட்டினம் வடக்குக் கடலில்தானே இருக்கிறது, வாடைக் காலத்தில் அம்மாவால் நவபாஷாணத்தைச் சுற்ற முடியுமா? அப்புறம், எனக்காக ஒரு வேளை ஒதுக்கினால் பழைய வரலாறு சொல்லும் இடம் எது? மகளும் கூட வருவாள்.

கீழக்கரை டீச்சர் எழுதியது:

அம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். சங்கு குளிப்பது என்றால் கடலுக்கு அடியில் மூழ்கிச் சங்கு எடுப்பது. மூச்சை அடக்கிக்கொண்டு தரையைத் தொட்டு, மடியை நிரப்பிக்கொண்டு மேலே வருவார்கள். எங்கள் கரையில் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணப் பெண்களுக்கு வளையல் ஆனது. எங்கள் வீட்டுத் திண்ணையில் சங்கைக் குவித்துத் தரம் பிரிப்பார்கள், அந்த வாடை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

தேவிபட்டினம் போகலாம், பயம் வேண்டாம். ஒன்பது கல்லும் கரையை ஒட்டிய கடலில் நட்டிருக்கிறது. அங்கே போக நடைமேடை உண்டு, மேலே நின்றே கும்பிடலாம். தண்ணீருக்குள் இறங்கிச் சுற்றுபவர்கள் இறங்குவார்கள். அம்மா இறங்க வேண்டாம், பாசி பிடித்துக் கால் வழுக்கும். நீங்களோ உங்கள் மகளோ அவருக்காக இறங்கிச் சுற்றி வாருங்கள், நவதானியத்தை அவர் கையில் தொட்டு வாங்கிக்கொண்டு இறங்குங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அப்படித்தான் செய்தோம், அவர் மனம் நிறைந்து திரும்பினார். காலை ஏழு மணிக்கு அங்கே இருந்தால் கூட்டம் குறைவு. வாடைக் குளிர் இருக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை. அமாவாசை அன்று மட்டும் போகாதீர்கள், தேவிபட்டினம் சேதுக்கரை இரண்டிலும் தர்ப்பணம் கொடுக்க வருபவர்களால் நிற்க இடம் இருக்காது. நீங்கள் வருவதற்குள் தை அமாவாசை முடிந்துவிடுகிறது.

சேதுக்கரைக்கு வரும் வழியிலேயே திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் இருப்பது இங்கேதான். உள்ளே நீளமான கல் பிரகாரம், குளிர்ச்சி, அம்மா உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம்.

உங்களுக்கான வேளைக்கு நான் ஒரே இடம் சொல்வேன், ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி காலத்தில் கட்டியது. சுவரில் இருக்கும் ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. தஞ்சை மராட்டியர்களோடு நடந்த போர், சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள், ராமாயணம், அந்தப்புரக் காட்சிகள் எல்லாம் சுவரிலும் விதானத்திலும் நிறைந்திருக்கின்றன. குறைந்தது ஒன்றரை மணி நேரம் வையுங்கள். மகளிடம் ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, படங்களில் எத்தனை விதத் தொப்பி, எத்தனை விதத் தலைப்பாகை என்று வரையச் சொல்லுங்கள். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை அது. வரைந்த பிள்ளைகள்தான் பிறகு வகுப்பில் கேள்வி கேட்டார்கள். ஃப்ளாஷ் வேண்டாம், அந்த வண்ணம் முந்நூறு வருஷம் தாங்கி வந்திருக்கிறது. விடுமுறை நாளையும் கேட்டுக்கொண்டு போங்கள், 26ஆம் தேதிக்கு வைக்காமல் ஞாயிறுக்கு வைப்பது நல்லது.

அழகன்குளத்தையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வைகை கடலில் சேரும் இடம், ரோமானிய நாணயமும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த ஊர். அகழாய்வுக் குழிகளை மூடிவிடுவதால் அங்கே போய்ப் பார்க்க மேடுதான் இருக்கும். பிள்ளைகளோடு அதற்காக ஒரு மத்தியானத்தைச் செலவிட வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து கதையாகச் சொல்லுங்கள்.

26ஆம் தேதி காலை குந்துகால் போனால் ஒரு பொருத்தம் இருக்கிறது. சிகாகோ போய்விட்டு 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய துறை அது. பாஸ்கர சேதுபதி வரவேற்றார். நினைவில்லம் கடலைப் பார்த்து நிற்கிறது.

நொய்யல்கரை எழுதியது:

நேற்று இரவு வீடு வந்து சேர்ந்தோம். கேட்டுவிட்டுப் போனவன் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும் அல்லவா.

சனிக்கிழமை நான்கரைக்குக் கீழக்கரை. பள்ளிவாசலில் ஒரு பெரியவர் தானாகவே வந்து தூண்களைக் காட்டினார். அம்மாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அம்மா உட்கார்ந்தபடியே தூணைப் பார்த்துவிட்டு, "பேரூர்க் கோயில் தூணில் ஆள் இல்லாத மாதிரி இருக்குதுடா" என்றார். டீச்சர் எழுதியதை அவர் வாயால் கேட்டேன். ஜெட்டியில் சின்னவன் "பூங்கா எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். தண்ணீரைக் காட்டினேன், நம்பவில்லை. பெரியவள் தீவுகளின் பெயரை வழியில் மனப்பாடம் செய்திருந்தாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் ஒவ்வொரு திசையிலும் தேடினான். பூவரசன்பட்டி வந்ததும் "அது எங்கே?" என்றான். "அது உள்ளே போயிடுச்சு" என்றாள். அறைக்குப் போகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிறு அதிகாலை தேவிபட்டினம். வாடை உண்மையிலேயே குத்தியது, சால்வை காப்பாற்றியது. அம்மா மேடையில் நின்றார். நானும் மகளும் இறங்கினோம், தண்ணீர் என் இடுப்புக்கு வந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டேன். ஒவ்வொரு கல்லிலும் தானியத்தைப் போடும்போது மேலே பார்த்தேன். அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சுற்றி முடித்து ஏறியதும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த என் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டார். நாற்பது வயதைத் தாண்டிய எனக்கு அப்படி நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

மதியம் ராமலிங்க விலாசம். மகள் பதினொரு விதத் தலைப்பாகை வரைந்திருக்கிறாள், தொப்பி நான்கு. மாலை சேதுக்கரையில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம். சக்கரக்கோட்டையில் தண்ணீர் இருந்தது, கூழைக்கடாக்களும் இருந்தன. பைனாக்குலர் யோசனை பலித்தது. பையன் கத்தவில்லை, திருப்பித் தரவும் இல்லை.

குந்துகாலுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. படகுச் சீட்டு தீர்ந்துவிட்டது. தாமதம் எங்களுடையது. நினைவில்லத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வந்தோம். தொதல் அரைக் கிலோ வாங்கினேன், மதுரை தாண்டுவதற்குள் காலி. ஒரு கிலோ வாங்கியிருக்க வேண்டும்.

டீச்சர், பிள்ளைகள் கோடை விடுமுறையில் மறுபடி போகலாம் என்கிறார்கள். மே மாதம் வந்தால் எந்தப் பக்கம்?

கீழக்கரை டீச்சர் எழுதியது:

தம்பி, அம்மா துவட்டிவிட்டதை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெரியவர் யாரென்று தெருவில் விசாரிக்கிறேன், நாற்காலி போட்ட விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டும்.

மே என்றால் வடக்குக் கடல். அரியமானில் தண்ணீரில் விடலாம். தொண்டிக்கு முன்னால் காரங்காடு என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே அலையாத்திக் காட்டுக்குள் ஊர்க்காரர்களே படகு ஓட்டிக் காட்டுகிறார்கள். நண்டு சூப்பும் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறியிருக்கும். பதநீரும் நுங்கும் அப்போது நிறையக் கிடைக்கும். திருப்புல்லாணி ரோட்டில் பனை ஓலை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், காலை ஒன்பதுக்குள் வந்தால் பதநீர் புளிக்காமல் இருக்கும். வரும் முன் இங்கே ஒரு வரி எழுதுங்கள், தொதலைக் கடையில் வாங்க வேண்டாம், வீட்டில் கிண்டி வைக்கிறேன்.